அப்பாவைப் பங்கு கேட்கும் நாடு: வாசகர் கேள்வி – பதில்

சிறையிலிருந்து நேரு தம் மகளுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதி, போகிற போக்கில் ‘பாவம் அந்தக் குழந்தை’ என்று முடித்திருந்தேன். அந்த நான்கு வரிக்கு ஒரு பை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. என்ன காரணத்தாலோ அவற்றில் பெரும்பாலானவை வட சென்னையிலிருந்து வந்தவை. ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு, தலைவர்களின் மகள்களைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று ஒருவர் கேட்டுக்கொண்டதால், எல்லோருடைய பெயரையும் விட்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கொருக்குப்பேட்டை: உலக வரலாற்றையே கடிதமாக எழுதித் தந்த தந்தை யாருக்குக் கிடைப்பார்? இந்திரா கொடுத்து வைத்தவர் என்றுதான் என் மாணவிகளுக்கு முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்தேன். நீங்கள் பாவம் என்கிறீர்களே?

கொடுத்து வைத்தவர் என்பதை நான் மறுக்கவில்லை. எதைக் கொடுத்தார், எதை வைத்துக்கொண்டார் என்றுதான் பார்க்க விரும்பினேன். 1928-ஆம் ஆண்டுக் கோடையில் பத்து வயது இந்திரா முசூரியிலும் தந்தை அலகாபாத்திலும் இருந்தபோது, பூமி எப்படி உண்டாயிற்று, மனிதன் எப்படிப் பேசக் கற்றான் என்றெல்லாம் நேரு எழுதிய கடிதங்கள் முப்பது. மறு ஆண்டே அவை புத்தகமாகிவிட்டன. இரண்டாம் வரிசை, 1930 அக்டோபரில் நைனி சிறையில் மகளின் பதின்மூன்றாம் பிறந்தநாள் வாழ்த்தாகத் தொடங்கி, 1933 ஆகஸ்டு வரை 196 கடிதங்களாக நீண்டது. அவற்றில் பலவற்றை எழுதிய கையோடு அனுப்ப வழியில்லாமல், சிறையிலேயே சேர்த்து வைத்துப் பின்னால்தான் கொடுக்க முடிந்தது. அதாவது, தந்தை பக்கத்தில் இல்லாத குறையை ஈடுசெய்ய வந்த கடிதமும் காலம் தாழ்த்தியே வந்தது; வந்த பிறகு அதுவும் நாட்டின் பாடப்புத்தகமாயிற்று. மகள் தந்தைக்கு எழுதிய பதில்கள் அச்சேறியபோதோ அவர் உயிரோடு இல்லை.

அந்நியத் துணிகளை எரித்த நாட்களில், ஐந்து வயதளவில், தம்மிடமிருந்த வெளிநாட்டுப் பொம்மையைத் தாமே எரித்ததை இந்திரா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். தீக்குச்சி உரசுவதே தமக்குப் பிடிக்காமல் போயிற்று என்றும் சொல்லியிருக்கிறார். இதை நாட்டுப்பற்றுக் கதையாகவே நாம் பள்ளிகளில் சொல்லி வந்திருக்கிறோம். தீக்குச்சியைப் பற்றிய அந்த ஒரு வாக்கியத்தை உங்கள் மாணவிகளுக்கு நீங்கள் சொன்னீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. நான் ஆசிரியராக இருந்திருந்தால் நானும் அதை விட்டிருப்பேன்.

காசநோயில் கிடந்த தாய் கமலா 1936 பிப்ரவரி 28 அன்று சுவிட்சர்லாந்தின் லொசானில் இறந்தபோது இந்திராவுக்கு வயது பதினெட்டு. நோய் முற்றிய மனைவியைப் பார்க்க நேருவை அல்மோரா சிறையிலிருந்து விடுவித்ததே முந்தைய செப்டம்பரில்தான். 1942 மார்ச்சில் பார்சியான பெரோஸ் காந்தியை இந்திரா மணந்தபோது, மணமக்களைத் தெரியாதவர்களெல்லாம் மதத்தைச் சொல்லி எதிர்த்தார்கள். வசைக் கடிதங்கள் காந்தியடிகளுக்குக் குவிந்தன, அவரும் பத்திரிகையில் விடை எழுத வேண்டியதாயிற்று. சென்னை பதிவாளர் அலுவலகத்தில் எத்தனையோ பேர் அமைதியாகச் செய்துகொள்ளும் காரியத்துக்கு அந்தப் பெண் ஒரு நாட்டின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. அன்று அவர் உடுத்திய இளஞ்சிவப்புப் புடவை, தந்தை சிறையில் நூற்ற நூலில் நெய்தது. கொடுத்து வைத்தவர் என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்தப் புடவைதான்; அதற்காக எத்தனை நாள் ராட்டை சுற்றியிருக்கும், அத்தனை நாளும் அவர் மகளோடு இல்லை.

விடுதலைக்குப் பின் தில்லி தீன்மூர்த்தி மாளிகையில் மனைவியை இழந்த பிரதமரின் வீட்டை நிர்வகிக்கும் பொறுப்பு மகளுக்கு வந்தது. விருந்தினருக்கு யார் எங்கே உட்கார வேண்டும், யார் எதைச் சாப்பிடமாட்டார் என்பது முதல் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை எல்லாம் அவர் தலையில் விழுந்தது. அதே நாட்களில் கணவர் நாடாளுமன்றத்தில் மாமனாரின் அரசையே கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். 1957 டிசம்பரில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்திராவின் நிறுவனப் பங்குகளை வாங்கிய விவகாரத்தைப் பெரோஸ் எழுப்பினார். 1958 பிப்ரவரியில் நம் ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. அன்றைய செய்தித்தாள்கள் ஊழலையும் ஜனநாயகத்தையும் பற்றி எழுதியது சரிதான். மாலையில் தந்தைக்குத் தேநீர் ஊற்றித் தர வேண்டிய பெண்ணின் நிலைமை எந்தத் தலையங்கத்திலும் வர இடமில்லை.

இவ்வளவும் 1966 ஜனவரிக்கு முந்தைய கதை. காமராசர் முன்னின்று பிரதமராக்கிய பிறகு இந்திரா செய்தவற்றுக்கு, நெருக்கடி நிலை உட்பட, முழுப் பொறுப்பும் அவருடையது. அதற்குப் பிள்ளைப் பருவத்தைக் காரணம் காட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

துணி வணிகர், சௌகார்பேட்டை: எங்கள் பூர்வீகம் குஜராத், நான்கு தலைமுறையாகத் தங்கசாலைத் தெருதான் எங்களுக்கு ஊர். நேருவின் மகளை உலகம் அறியும். படேலின் மகளை எத்தனை பேருக்குத் தெரியும்?

மிகச் சிலருக்குத்தான். முந்தைய விடையில் தந்தை நூற்ற நூலில் மகளின் புடவை என்று எழுதினேன். மணிபென் படேல் வீட்டில் அது தலைகீழ்: மகள் நூற்ற நூலில்தான் சர்தாரின் வேட்டியும் குர்தாவும். அந்த வேட்டி பழசானால் வெட்டித் தமக்குப் புடவையாகத் தைத்துக்கொள்வார் என்று காங்கிரஸ்காரர் மகாவீர் தியாகி நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். துணி வணிகரான உங்களுக்கு அந்தக் கணக்கு புரியும். 1950 டிசம்பரில் தந்தை இறந்ததும், கட்சிக்கென்று அவர் வைத்திருந்த 35 லட்சம் ரூபாயையும் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு தில்லிக்குப் போய் நேருவிடம் ஒப்படைத்தார் என்றும், இனி எப்படிப் பிழைக்கப் போகிறாய் என்றாவது அவர் கேட்பார் எனச் சற்று நேரம் காத்திருந்தார் என்றும், மணிபென் தம்மிடம் சொன்னதாக ‘அமுல்’ பால் நிறுவனத்தின் குரியன் பதிவு செய்திருக்கிறார். பிற்பாடு மக்களவையிலும் மாநிலங்களவையிலும் உறுப்பினராக இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தந்தையின் அன்றாடத்தை அவர் எழுதி வைத்த நாட்குறிப்புகள் இல்லாமல் இன்று படேலைப் பற்றி யாரும் ஒழுங்காக வரலாறு எழுத முடியாது. தம்மைப் பற்றி அவர் எழுதியது சொற்பம்.

தனியார் நிறுவன ஊழியர், வியாசர்பாடி: எங்கள் பாட்டி ரங்கூனில் பிறந்து, 1964-இல் கப்பலேறி வந்தவர். பர்மாவின் விடுதலைத் தலைவர் ஆங் சானின் படத்தைக் கடைசிவரை பெட்டியில் வைத்திருந்தார். அவர் மகள் ஆங் சான் சூ கியை ஒரு காலத்தில் தெய்வமாகப் பேசிய உலகம் பிறகு ஏன் தூற்றியது? பாட்டியிடம் நான் சொல்லத் தவறிய விடையை நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் பாட்டியின் பெட்டியில் வேறு என்ன இருந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். பர்மாவில் நே வின்னின் ராணுவ அரசு கடைகளை எடுத்துக்கொண்டு, 50, 100 கியாத் நோட்டுகளையும் செல்லாதவை ஆக்கியபின், உடுத்திய துணியோடு வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்கள் பகுதியிலும் பர்மா பஜாரிலும் எனக்குப் பழக்கம். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே மாலையில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் சாப்பிட நின்றால், வாழைத்தண்டு சூப்பு ஆறுவதற்குள் ரங்கூனைப் பற்றி ஒருவராவது பேச்செடுப்பார். ஆங் சானை அவர்கள் குறை சொல்லிக் கேட்டதில்லை. குறை எல்லாம் பின்னால் வந்தவர்கள் மீதுதான்.

ஆங் சான் 1947 ஜூலை 19 அன்று ரங்கூன் தலைமைச் செயலகத்தில், அமைச்சரவைக் கூட்டத்தின் நடுவே சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 32. மகளுக்கு இரண்டு வயதும் ஒரு மாதமும். தந்தையைப் பற்றித் தாமாக நினைவில் வைத்திருக்க அந்தக் குழந்தைக்கு ஏதும் இருந்திருக்காது. பர்மியரிடம் தந்தை பெயரைப் பிள்ளைக்குச் சேர்க்கும் வழக்கம் இல்லை. இந்தப் பெண்ணின் பெயரிலோ தந்தையின் முழுப்பெயரும், பாட்டி பெயரிலிருந்து ‘சூ’வும், தாய் கின் கீயின் பெயரிலிருந்து ‘கி’யும் சேர்ந்து நிற்கின்றன. முகம் நினைவில்லாத ஒருவரைப் பெயரிலேயே சுமந்துகொண்டு, அவருடைய சிலைகளுக்கும் படங்களுக்கும் நடுவே வளர்வது எப்படியிருக்கும் என்று சொல்ல நமக்குப் பழமொழி ஏதும் இல்லை. தாய் இந்தியாவுக்குத் தூதராக 1960-இல் வந்ததால் மகளும் தில்லியில் பள்ளியும் லேடி ஸ்ரீராம் கல்லூரியும் படித்தார். பிறகு ஆக்ஸ்போர்டு. 1972-இல் திபெத்தைப் பற்றி ஆய்ந்த பிரிட்டிஷ்காரர் மைக்கேல் ஆரிஸை மணந்தார். அதற்கு முன் அவருக்கு எழுதிய கடிதங்களில், என் மக்களுக்கு நான் தேவைப்பட்டால் என் கடமையைச் செய்ய நீங்கள் துணை நிற்க வேண்டும் என்பது ஒன்றையே வரமாகக் கேட்டிருந்தார்.

அந்த நாள் 1988-இல் வந்தது. பக்கவாதத்தில் விழுந்த தாயைக் கவனிக்கத்தான் ரங்கூனுக்குப் போனார். ஊரே தெருவில் இறங்கியிருந்த நேரம். ஆகஸ்டு 26 அன்று சுவேதகோன் பகோடாவின் முன், தந்தையின் பெரிய படத்தின் கீழே நின்று, லட்சக்கணக்கானவர்களிடம் என் தந்தையின் மகளாக என்னால் இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றார். அந்த மேடையில் அவரை ஏற்றியது அவருடைய படிப்போ அரசியல் அனுபவமோ அன்று, அந்த முகச்சாயல்தான். அடுத்த ஆண்டு ஜூலையில் வீட்டுக்காவல் தொடங்கியது. 2010 நவம்பரில் விடுதலையாகும்வரை, அந்த 21 ஆண்டுகளில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் காவலிலேயே கழிந்தன. 1991-ஆம் ஆண்டின் நோபல் பரிசை மகன்கள்தான் போய் வாங்கினார்கள். புற்றுநோயில் கிடந்த கணவருக்கு ஒருமுறை வந்து பார்க்க விசா கொடுக்கவில்லை. மனைவி வெளியேறலாம் என்றார்கள், வெளியேறினால் திரும்ப விடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். 1999 மார்ச்சில் ஆரிஸ் இறந்தார்.

இனி உங்கள் கேள்வி. அவரை அடைத்து வைத்த ராணுவம் அவருடைய தந்தை தோற்றுவித்த ராணுவம். இதை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை. அது என் தந்தையின் படை, எனக்கு அதன்மேல் பற்று உண்டு என்று அவர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். கேட்டவர்கள் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். 2017-இல் ரோஹிங்கியா முஸ்லிம் மக்கள் அந்த ராணுவத்தால் லட்சக்கணக்கில் வங்கதேசத்துக்குத் துரத்தப்பட்டபோதும், 2019 டிசம்பரில் ஹேக் பன்னாட்டு நீதிமன்றத்தில் தாமே நேரில் போய் நாட்டின் சார்பில் வாதாடியபோதும்தான் அந்தப் பற்றின் மறுபக்கம் உலகுக்குத் தெரிந்தது. ராணுவத்தோடு ஒரே அரசில் இருந்தவருக்கு அரசியல் கணக்குகளும் இருந்திருக்கும். ஆனாலும், தந்தையின் வீட்டை இடிக்க மனம் வராத மகளாகவே அவர் அங்கே நின்றார் என்று நான் நினைக்கிறேன். அது காரணம் ஆகலாம். வீடிழந்து ஓடிய மக்களுக்கு அது பதில் ஆகாது. ஊரைவிட்டுத் துரத்தப்படுவது என்னவென்று உங்கள் பாட்டிக்குத் தெரியும். அவர் உங்களைவிட எளிதாக இதைப் புரிந்துகொண்டிருப்பார். 2021 பிப்ரவரி 1 அன்று அதே ராணுவம் அவரை மீண்டும் சிறைபிடித்து, அடுக்கடுக்காக 33 ஆண்டுத் தண்டனை விதித்துப் பின்னர் 27 ஆகக் குறைத்தது.

கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை: என் அப்பா எங்கள் பகுதியில் ஒரு சங்கத்தின் தலைவர். பேருந்து நிறுத்தத்தில் நான் யாரோடு பேசினாலும், நான் வீடு சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிடுகிறது. ‘தலைவர் பொண்ணு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாட்டுத் தலைவர்களின் மகள்கள் இதை எப்படித்தான் சமாளித்தார்கள்?

பெயரைப் போட வேண்டாம் என்று எழுதியது நீங்கள்தான், போடவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சமாளித்தார்கள், சிலர் சமாளிக்கவேயில்லை. அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் மூத்த மகள் ஆலிஸ், ஊர் தானாகப் பேசுவதற்கு முன்பே தாமே அதைப் பேச வைத்துவிடுவது என்ற வழியைப் பிடித்துக்கொண்டார். பொது இடத்தில் புகை பிடித்தார், செல்லப் பாம்பைக் கையோடு கொண்டுபோனார். நாட்டை ஆள்வது, ஆலிஸைக் கவனிப்பது, இந்த இரண்டில் ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியும் என்று தந்தை கையை விரித்தார். ஆலிஸ் 96 வயது வரை அதே நாக்கோடு வாழ்ந்தார். தண்டையார்பேட்டைக்கு இந்த வழி தோதுப்படாது என்பது என் கருத்து.

ஜிம்மி கார்ட்டரின் மகள் எமி 1977-இல் வெள்ளை மாளிகைக்குள் போனபோது ஒன்பது வயது. அரசு விருந்தில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவள் கதைப்புத்தகம் படித்தாள், அதுவே செய்தியாயிற்று. 1980 அக்டோபர் 28 அன்று ரீகனுடன் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில், இன்றைய முதன்மையான பிரச்சினை எது என்று எமியிடம் கேட்டேன், அணு ஆயுதம் என்றாள், என்று தந்தை சொன்னார். பதின்மூன்று வயதுப் பெண் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நாடு சிரித்தது; தந்தை ஒரு வாரத்தில் தேர்தலிலும் தோற்றார். அதைச் சொல்லும்முன் அவர் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வளர்ந்தபின் எமி தம் விருப்பப்படி போராட்டத்தில் கலந்துகொண்டு, 1986-இல் கைதாகி, மறு ஆண்டு நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். பிறகு ஊர்க்கண்ணிலிருந்து விலகித் தம் வாழ்க்கையை வாழ்ந்தார்.

உங்கள் அப்பாவிடம் எமியின் கதையைச் சொல்லுங்கள். மேடையில் உங்களைப் பற்றிப் பேசுவாரானால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் பேசச் சொல்லுங்கள். பேருந்து நிறுத்தத்துக்கு என்னிடம் மருந்து இல்லை.

கானா பாடும் இளைஞர், காசிமேடு: தலைவரின் பிள்ளை பாடினால் நன்றாக இல்லை என்று சொல்லும் துணிச்சல் யாருக்காவது இருந்திருக்கிறதா?

இருந்திருக்கிறது. 1950 டிசம்பர் 5 அன்று வாஷிங்டனில் அதிபர் ட்ரூமனின் ஒரே மகள் மார்கரெட் கச்சேரி செய்தார். பால் ஹியூம் என்ற விமர்சகர், குரல் இனிமைதான், ஆனால் அவருக்கு நன்றாகப் பாட வரவில்லை, சுருதி பெரும்பாலும் இறங்கியே நிற்கிறது என்று எழுதினார். மறுநாள் அதிபர் தம் கைப்பட, உன்னை நேரில் சந்தித்தால் உனக்குப் புது மூக்கு தேவைப்படும் என்ற பொருளில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். காசிமேட்டுப் பாணி என்று நீங்கள் பெருமைப்படலாம். ஆனால் அது கொரியப் போர் நடந்துகொண்டிருந்த குளிர்காலம். மகனைப் போரில் பறிகொடுத்த ஒரு தந்தை, மகனுக்குக் கிடைத்த பதக்கத்தை அதிபருக்கே திருப்பி அனுப்பி, உங்கள் மகளும் என் மகனுக்கு நேர்ந்ததையே அடையவில்லையே என்று எழுதினார். விமர்சகர் பாட்டைத்தான் எடை போட்டார், அது நியாயம். தந்தை குறுக்கே வந்தபின் மகளின் பாட்டை யார் கேட்டார்கள்? மார்கரெட் பிற்பாடு துப்பறியும் கதைகள் எழுதிப் பெயர் பெற்றார். அவற்றை மூக்குக்குப் பயப்படாமல் விமர்சித்தார்கள்.

ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி, திருவொற்றியூர்: எங்கள் தெருவில் ஸ்டாலின் என்ற பெயரில் மூன்று பேர். சங்கத்தில் இருந்த காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே எங்களுக்குச் சிலிர்க்கும். அவர் மகள் இந்தியாவுக்கு வந்து அமெரிக்காவுக்கு ஓடினார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, நாள் உட்பட உங்களுக்கு நினைவிருக்க வேண்டிய ஒன்று. 1967 மார்ச் 6 அன்று மாலை ஸ்வெத்லானா, தில்லியில் அமெரிக்கத் தூதரகத்தின் வாசலில் ஒரு சிறு பெட்டியோடு போய் நின்றார். அதே நாளில்தான் சென்னையில் அண்ணா முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். மறுநாள் எந்தச் செய்தியை நம்மவர்கள் படித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிறுவயதில் தந்தைக்குச் செல்லப் பெண். என்னைச் சினிமாவுக்கு அழைத்துப்போகும்படி ஆணையிடுகிறேன் என்று அவள் எழுதிக் கொடுப்பாள். உத்தரவுப்படி என்று ஸ்டாலின் கையெழுத்துப் போடுவார். சோவியத் நாட்டில் அவருக்கு ஆணையிட்ட ஒரே ஆள் அந்தச் சிறுமிதான் என்று சிரிக்கலாம். அவளுக்கு ஆறு வயதானபோது, 1932 நவம்பரில் தாய் நதேழ்தா தற்கொலை செய்துகொண்டார். குடல்வால் நோயில் இறந்தாள் என்று குழந்தையிடம் சொன்னார்கள். பதினாறு வயதளவில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையைப் புரட்டும்போதுதான் உண்மை தெரிந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த செய்தி பெற்ற பெண்ணுக்குப் பத்து ஆண்டுகள் கழித்து வந்தது. அடுத்த ஆண்டு அவர் விரும்பிய திரைக்கதையாசிரியர் காப்லரை, பிரிட்டிஷ் ஒற்றர் என்று குற்றம் சாட்டி வடக்கே வொர்குட்டாவுக்கு அனுப்பினார்கள், மொத்தம் பத்தாண்டுகள்.

தந்தை இறந்து சில ஆண்டுகள் கழித்து, தாயின் குடும்பப் பெயரான அல்லிலுயேவாவைச் சூட்டிக்கொண்டார். மாஸ்கோ மருத்துவமனை ஒன்றில் 1963-இல் பழக்கமான பிரஜேஷ் சிங், உத்தரப்பிரதேசத்தின் காலாகாங்கரைச் சேர்ந்த கம்யூனிஸ்டு. அவரை மணக்க அரசு அனுமதி தரவில்லை. அவர் 1966 அக்டோபரில் இறந்ததும், அஸ்தியைக் கங்கையில் கரைக்கத்தான் ஸ்வெத்லானா அந்த டிசம்பரில் இங்கே வந்தார். இங்கேயே தங்கிவிட விரும்பினார். மாஸ்கோவைப் பகைக்க தில்லி தயாராக இல்லை. அன்று தில்லியில் பிரதமராக இருந்தவரும் ஒரு தலைவரின் மகள்தான்.

மாஸ்கோவில் விட்டுவந்த மகனும் மகளும் அவரை எளிதில் மன்னிக்கவில்லை. 1984-இல் திரும்பிப் போனார், பொருந்தவில்லை, 1986-இல் மறுபடி அமெரிக்கா. லானா பீட்டர்ஸ் என்ற பெயரோடு 2011 நவம்பரில் விஸ்கான்சின் மாநிலத்தில் 85 வயதில் இறந்தார். எங்கே போனாலும் என் தந்தையின் பெயருக்கு நான் அரசியல் கைதிதான் என்று சொல்லியிருந்தார். உங்கள் தெருவின் மூன்று ஸ்டாலின்களும் அந்தப் பெயரை மகிழ்ச்சியாகச் சுமக்கிறார்கள் என்று நம்புகிறேன். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அது. அவருக்கு மட்டும் அதைக் கழற்றி வைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை.

கடைக்காரர், என்.எஸ்.சி. போஸ் சாலை: நாற்பது ஆண்டுகளாக இந்தச் சாலையில் கடை வைத்திருக்கிறேன். நேதாஜியின் மகள் இருக்கிறாரா? நேதாஜி இறக்கவேயில்லை என்று என் அப்பா சாகும்வரை சொன்னார். யார் சொல்வதை நம்புவது?

உங்கள் கடைப் பலகையில் இரண்டே எழுத்துகளாகச் சுருங்கிவிட்ட அந்த நேதாஜி சுபாஷுக்கு ஒரு மகள் உண்டு. அனிதா போஸ் 1942 நவம்பர் 29 அன்று வியன்னாவில் பிறந்தார். 80 வயதைக் கடந்தவர். குழந்தைக்குப் பத்து வாரம் ஆனபோது, 1943 பிப்ரவரி 8 அன்று தந்தை நீர்மூழ்கிக் கப்பலில் ஜெர்மனியிலிருந்து ஆசியாவுக்குப் புறப்பட்டார். புறப்படுமுன் அண்ணன் சரத்துக்கு வங்காளியில் ஒரு கடிதம் எழுதினார்: நான் இங்கே மணம் செய்துகொண்டேன், ஒரு மகள் இருக்கிறாள், எனக்குக் காட்டிய அன்பை அவர்களுக்கும் காட்டுங்கள் என்பது அதன் சாரம். போருக்குப் பின், 1948-இல் சரத் குடும்பத்தோடு வியன்னாவுக்குப் போய் அந்தத் தாயையும் மகளையும் பார்த்தார். தாய் எமிலி தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து மகளை வளர்த்தார்; இந்தியாவுக்கு அவர் வந்ததேயில்லை. காங்கிரஸ் கட்சி 1954-இல் ஏற்படுத்திய அறக்கட்டளை, மகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் அனுப்பி, 1965-இல் அவருக்குத் திருமணமானதும் நிறுத்தியது. 2016-இல் அரசு வெளியிட்ட கோப்புகளில் இவை இருக்கின்றன. அனிதா பொருளியல் படித்து ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார்.

உங்கள் அப்பாவைப் போல நம்பியவர்கள் நம் நாட்டில் ஏராளம். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரே மேடையில் அப்படிச் சொன்னவர். 1945 ஆகஸ்டு 18 அன்று தைப்பேயில் நடந்த விமான விபத்தைப் பற்றி 1956-இல் ஷா நவாஸ் குழு, 1970-இல் கோஸ்லா ஆணையம், 1999-இல் முகர்ஜி ஆணையம் என்று மூன்று விசாரணைகள் நடந்தன. முதல் இரண்டும் இறந்தார் என்றன, மூன்றாவது அந்த விபத்தில் இறக்கவில்லை என்றது, அரசு அதை ஏற்கவில்லை. துறவியாக வாழ்கிறார், ரஷ்யச் சிறையில் இருக்கிறார் என்று பேச்சுகள் கிளம்பியபோதெல்லாம் ஒன்றை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை: அவர் உயிரோடு இருந்தும் மகளைத் தேடி வரவில்லை என்றுதானே அந்தப் பேச்சுக்குப் பொருள்? அப்பா இறக்கவில்லை என்று கோஷம் போட்ட கூட்டத்தின் நடுவே, அப்பா இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்தப் பெண் நின்றிருக்கிறார். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், நான் நம்புவது மகளைத்தான்.

டோக்கியோ ரெங்கோஜி கோயிலில் 1945 செப்டம்பர் முதல் பாதுகாத்து வைத்திருக்கும் சாம்பலை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும், விடுதலை பெற்ற மண்ணில் கால் வைக்காமல் போனவருக்கு அதையாவது செய்ய வேண்டும் என்று அனிதா பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறார். ஐயம் இருப்பவர்களுக்காக மரபணுச் சோதனை செய்யுங்கள் என்றும் அவரே சொல்கிறார். ஒப்பிட்டுப் பார்க்கத் தம் இரத்தத்தைத் தர அவர் ஆயத்தம். கேட்டு வாங்கத்தான் யாரும் வரவில்லை.